மாப்பிள்ளை பேரில் ஒரு லேப்டாப்

முதலில் மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கரண்டியைப் பிடித்தவன் நான். சின்ன ‘ர’ எங்கே வரும், பெரிய ‘ற’ எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்குத் தகராறு. எங்கள் மேற்கு மாம்பலத்தில் வாசலில் போட்டுவிட்டுப் போகிற வாரப் பத்திரிகையில், வெளிநாடு போய்வந்த வாசகர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று அறிவித்திருந்தார்கள். என் மனைவி கமலா அதைக் கத்தரித்து அரிசி டின்மேல் ஒட்டிவிட்டாள். டின்னைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டது. அதனால் எழுதுகிறேன். அச்சில் போடுகிறவர்கள் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

என் பெயர் பஞ்சாபகேசன். பஞ்சு என்றால்தான் யாருக்கும் தெரியும். வெங்குட்டு அண்ணாவின் கல்யாண சமையல் கோஷ்டியில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். சாம்பார், ரசம், மோர்க்குழம்பு என் பொறுப்பு. வயது நாற்பத்தெட்டு. கூச்ச சுபாவம். ரசம் நன்றாக இருக்கிறது, யார் வைத்தது என்று பந்தியிலிருந்து யாராவது கேட்டால் நான் அண்டாவுக்குப் பின்னால் போய்விடுவேன்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களில் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டில் சமைப்பேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மூன்று பிரம்மச்சாரிகள் அங்கே சேர்ந்து இருந்தார்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு மூவரும் கிளம்பினால், சாயங்கால அடுப்பு மூட்டும்வரை அந்த வீட்டில் நானும் அவர்கள் கம்ப்யூட்டரும்தான். மூவரில் முரளி என்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பிடித்து உட்காரவைத்தார். “சும்மா நாலு பட்டன்தான் மாமா. இது வேகம், இது பிரேக், இது ரெண்டும் திருப்பறதுக்கு.” அது கார்ப் பந்தய விளையாட்டு. முதல் நாள் என் கார் பத்து தடவை கடலில் விழுந்தது.

சைக்கிளைத் தவிர எந்த வண்டியும் ஓட்டத் தெரியாதவன் நான். இரண்டாவது மாதத்தில் மலைப்பாதையில் சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு ஐந்து கார்களை முந்தினேன். எதிரில் யாரும் இல்லை, யாரும் என்னைப் பார்க்கவில்லை, நான் எல்லோரையும் தாண்டிப் போகிறேன். அந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

போன ஆடியில் மூன்று பேருக்கும் அமெரிக்காவில் வேலை கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டரை விற்றுவிட்டார்கள். அந்த விளையாட்டு இருந்த சிடியை மட்டும் முரளி எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் இல்லாதவன் சிடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது. சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

கமலாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். சாப்பிடும்போது என் இடதுகை விரல்கள் தரையில் வளைவு திருப்பிக்கொண்டிருப்பதை அவள் பார்த்துவிட்டாள். “வேணும்னா வாங்கிக்கோங்கோளேன். வெத்தலை, பொடி, சீட்டு ஒண்ணும் கிடையாது உங்களுக்கு. இதையாவது வெச்சுக்கோங்கோ” என்றாள். எங்களுடையது ஒரே அறை. மேஜை போட்டால் படுக்கை விரிக்க முடியாது. அதனால் மடித்து வைக்கிற லேப்டாப்தான் சரி என்று அவளே முடிவு செய்தாள்.

விலை விசாரிக்கச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கடைக்காரர், “இன்னா சாமி, யாருக்கு?” என்று கேட்டார். எனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. “மாப்பிள்ளைக்கு” என்றேன்.

“புச்சா வாங்கணும்னா வூட்ட வித்துட்டு வரணும் சாமி. செகண்ட்ஸ்ல ஒண்ணு கீது, ஆனா கேம் போட்டா நின்னு நின்னு போவும். சிங்கப்பூர்லேர்ந்து யார்னா வந்தா எட்த்தாரச் சொல்லு.”

மாப்பிள்ளைக்கு என்ற வார்த்தை எவ்வளவு வசதியானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மாப்பிள்ளைக்கு என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. என் மாப்பிள்ளை சீனிவாசன் திருச்சியில் பாங்க் உத்தியோகம். இதுவரை என்னிடம் ஒரு கைக்குட்டைகூடக் கேட்டதில்லை. ஆனாலும் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன்.

ஐப்பசியில் வெங்குட்டு அண்ணா வந்து சிங்கப்பூரில் ஒரு கல்யாணம் என்றார். மயிலாப்பூரிலிருந்து போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். ஆறு பேர் போக வேண்டும், எட்டு நாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கமலாவின் சீட்டுப் பணம், என் சேமிப்பு, இந்தப் பயணத்தின் கூலி மூன்றையும் சேர்த்தால் சிங்கப்பூர் வெள்ளியில், அதாவது அந்த ஊர் டாலரில், எண்ணூற்றைம்பது தேறும். அதற்குள் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இந்த ஜன்மத்தில் இல்லை.

மீனம்பாக்கத்திலேயே வேடிக்கை ஆரம்பித்துவிட்டது. எங்கள் பெரிய கரண்டிகளையும் ஜல்லிக்கரண்டிகளையும் பார்த்துவிட்டுச் சோதனை செய்கிறவர் இவையெல்லாம் என்ன ஆயுதம் என்றார். வெங்குட்டு அண்ணா அசையாமல், “இதால இதுவரைக்கும் பூந்திதான் சார் செத்துருக்கு” என்றார். விமானத்தில் என் பக்கத்தில் ஸ்வீட் போடும் சுந்தரம். விமானம் எழும்பும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் ஜன்னலில் ஓடுபாதையைப் பார்த்தேன். இத்தனை வேகத்தில் இந்த வளைவில் திருப்பினால் சறுக்கும் என்று மனசு கணக்குப் போட்டது.

முதல் நாள் கோயில் மண்டபத்தில் இறங்கினோம். சமையல் கூடம் எங்கள் மாம்பலத்துக் கல்யாண மண்டபத்து ஹாலைவிடச் சுத்தம். குழாயைத் திருகினால் வெந்நீர். அடுப்பு பற்றவைக்கத் தீப்பெட்டி வேண்டாம். வெங்குட்டு அண்ணா சுவரைத் தடவிப் பார்த்து, “இங்க சமைச்சா அழுக்காயிடுமேடா” என்று வருத்தப்பட்டார். பத்து நிமிஷத்தில் அதுவும் நடந்தது. சாம்பாருக்கு மிளகாயும் கடுகும் தாளித்தேன். கூரையில் இருந்த ஒரு வெள்ளைக் கிண்ணம் அலற ஆரம்பித்தது. மண்டபத்து மேனேஜர் ஓடிவந்தார். புகை வந்தால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுகிற மிஷினாம். நான் அண்டாவுக்குப் பின்னால் போய்விட்டேன். அதற்கப்புறம் நான் தாளிக்கும்போதெல்லாம் சுந்தரம் ஸ்டூல்மேல் ஏறி நின்று அந்தக் கிண்ணத்துக்கு முறத்தால் விசிறினான். அங்கே இருந்த நாளெல்லாம் அப்படித்தான் தாளித்தோம்.

இரண்டாம் நாள் மத்தியானம் மூன்று மணி நேரம் ஓய்வு. கம்ப்யூட்டர் விற்கும் கட்டடத்துக்கு வழி கேட்டுப் போனேன். ரங்கநாதன் தெருவை அப்படியே தூக்கி நிமிர்த்தி நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மாடிக்கு மாடி கடை. கடைக்குக் கடை லேப்டாப். எல்லாத் திரையிலும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கடையில் என் சிவப்புக் கார் விளையாட்டே ஓடியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். கழுத்துப்பட்டி போட்ட பையன்கள் இங்கிலீஷில் ஏதோ கேட்டுக்கொண்டு வந்தார்கள். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன். மாடி மாடியாக ஏறி இறங்கி, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரும்பிவந்தேன். பை நிறையப் பணம், வாயில் பூட்டு.

மூன்றாம் நாள் கறிவேப்பிலை போதவில்லை என்று என்னைச் சிராங்கூன் ரோட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே பெருங்காயமும் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். டுரியன் என்கிற முள் பழம் கொண்டுவரக் கூடாது என்று ரயிலில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நாற்றமாம். என் பையிலிருந்த பெருங்காயம் வேலையைக் காட்ட ஆரம்பித்ததும் எதிரில் இருந்த இரண்டு சீனத்துப் பாட்டிகள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற தமிழ் அம்மாள் சிரித்துவிட்டு எனக்குச் சொன்னார்: “ஒண்ணும் இல்லண்ணே. ஏதோ மருந்துக்கடை ரயில் ஏறிடுச்சுன்னு ஒரு பாட்டி சொல்லுது. இல்ல, யாருக்கோ வயித்துவலின்னு இன்னொண்ணு சொல்லுது.”

அந்தக் கூச்சத்தில் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி பஸ் ஏறினேன். நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் விசில் கொடுப்பார், நிறுத்தம் வந்தால் கூட்டமே நம்மை இறக்கிவிடும். இங்கே கண்டக்டரே இல்லை. மணியை நாமே அழுத்தினால்தான் நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. மண்டபம் ஜன்னல் வழியாகப் போனதைப் பார்த்தேன். சொல்லக் கூச்சம். கடைசியில் பஸ்கள் எல்லாம் வரிசையாகத் தூங்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார் டிரைவர், சீனர். திரும்பிப் பார்த்தார். நானும் கறிவேப்பிலையும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒன்றும் திட்டவில்லை. தன் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்துப் பாதி கொடுத்தார். பிறகு என்னைக் கையைப் பிடித்து மணிப் பொத்தானிடம் கூட்டிப்போய் என் விரலாலேயே இரண்டு தடவை அழுத்தவைத்தார். டிங், டிங். திரும்பி வரும்போது சரியான இடத்தில் நானே அழுத்தினேன். பஸ் நின்றது. ஒரு பொத்தானை அழுத்த முடிந்தால் வாயையும் திறக்கலாம் என்று தோன்றியது.

நான்காம் நாள் சிடியை எடுத்துக்கொண்டு மறுபடி அந்தக் கட்டடத்துக்குப் போனேன். மேல் மாடி மூலையில் பழைய லேப்டாப் விற்கும் சின்னக் கடை. உள்ளே ஒருவர் தமிழில் போன் பேசிக்கொண்டிருந்தார். பெயர் காதர் பாய். நாகப்பட்டினம் பக்கம். நான் சிடியை நீட்டி, “இது எதுல நன்னா ஓடறதோ அது வேணும். எண்ணூற்றைம்பது வெள்ளிக்குள்ள” என்றேன். பஸ்ஸிலிருந்தே மனசுக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்த வாக்கியம்.

பாய் சிடியைத் திருப்பிப் பார்த்தார். “லேப்டாப்புல கேம் ஆடுறதுக்குன்னு யாரும் வாங்க மாட்டாங்களே. கணக்கு எழுதத்தான் வாங்குவாங்க. யாருக்கு?”

“மாப்பிள்ளைக்கு.”

“அதானே பாத்தேன்” என்று இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தார். ஒன்று மெல்லிசாக, வெள்ளிக் கிண்ணம் மாதிரிப் பளபளவென்று இருந்தது. இன்னொன்று தடியாக, கருப்பாக, பொத்தான்களில் எழுத்துத் தேய்ந்து இருந்தது. இரண்டும் என் விலைக்குப் பக்கம்தான். “மெல்லிச எடுத்துக்குங்க. மாப்பிள்ளை கையில பாத்தா மதிப்பு.”

ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். நாற்காலியைக் காட்டினார். நாலு மாதத்துக்கு அப்புறம் சிவப்புக் கார். மெல்லிய மிஷினில் முதல் சுற்று வெண்ணெய் மாதிரிப் போயிற்று. இரண்டாம் சுற்றில் கார் விக்கியது.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் ருசி பார்த்துச் சமைப்பதில்லை. சுவாமிக்குக் காட்டும்முன் வாயில் வைக்கக் கூடாது. உப்பை மூக்கு சொல்லும், கொதியைக் காது சொல்லும், சூட்டைக் கை சொல்லும். அண்டாவின் அடியில் பிடிக்கப்போகிறதா என்பது பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டினாலே எனக்குத் தெரிந்துவிடும். அந்த வழக்கத்தில் லேப்டாப்பின் அடியில் கையை விட்டேன். ஒரு மூலை மட்டும் தோசைக்கல். மற்ற இடம் பச்சைத் தண்ணீர். அப்படி ஒரே இடத்தில் சூடு ஏறுகிற பாத்திரத்தில் பால்கூடக் காய்ச்ச மாட்டோம்.

தடி மிஷினில் சிடியைப் போட்டேன். உள்ளே காற்றாடி சத்தம் போட்டது. அரை மணி ஓட்டினேன். அடியில் கை வைத்தேன். எல்லா இடமும் ஒரே வெதுவெதுப்பு, உறை ஊற்றுகிற பால் பதம். கார் ஒரு இடத்தில்கூட விக்கவில்லை.

“இதான் வேணும்.”

மறுபடி போனில் பேசிக்கொண்டிருந்த காதர் பாய் அதைக் கீழே வைத்தார். அவரும் இரண்டின் அடியிலும் கையை வைத்துப் பார்த்தார். “அண்ணே, கடை தொறந்த நாள்லேர்ந்து அடியில கைய வச்சுப் பாத்து வாங்குன மொத ஆளு நீங்கதான். அந்த மெல்லிசு ரெண்டு தடவ திரும்பி வந்த சாமான். உங்ககிட்ட மறைச்சா பாவம்.” தொள்ளாயிரம் சொன்னவர் எண்ணூற்றிருபதுக்கு ஒப்புக்கொண்டார். ஒரு குறையையும் சொன்னார். பேட்டரி பழசு, கால் மணி நேரம்தான் தாங்கும்.

கல்யாணம் முடிந்தால்தான் எங்கள் கூலி கைக்கு வரும். ஐம்பது வெள்ளி முன்பணம் கொடுத்து எடுத்துவைக்கச் சொன்னேன். ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் நானூறு பேருக்குச் சமையல். முகூர்த்தத்தன்று என் ரசத்தை டம்ளரில் வாங்கி வாங்கிக் குடித்தார்கள். பெண்ணின் அத்தை உள்ளே வந்து, “மயிலாப்பூர் குளக்கரையில நின்ன மாதிரி இருந்தது” என்றார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அந்தக் கருப்பு மிஷினை யாராவது வாங்கிப் போய்விடுவார்களோ என்றுதான் பயம்.

ஏழாம் நாள் போனபோது இருந்தது. ஆனால் சுந்தரமும் கூடவே வந்துவிட்டான். வேடிக்கை பார்க்க வேண்டுமாம். பணத்தைக் கொடுத்தேன். கல்யாணத்து மைசூர்பாகு ஒரு டப்பா கொடுத்தேன். பாய் பில் புத்தகத்தைத் திறந்து, “யார் பேர்ல போட?” என்றார்.

என் பக்கத்தில் சுந்தரம். அவன் மாம்பலத்துக்குப் போய்ச் சேரும்முன்னே அவன் வாய் வழியாக விஷயம் போய்விடும். “ஆர். சீனிவாசன்” என்றேன். “மாப்பிள்ளை பேர்லயே போட்டுடுங்கோ.”

“குடுத்துவெச்ச மாப்பிள்ளை ஓய்” என்றான் சுந்தரம். “எனக்கு மாமனார் பண்ணினது ஒரு வாட்ச். அதுவும் நின்னுடுத்து.”

எட்டாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்கினோம். நம் ஊர்ப் புழுக்கம் மூஞ்சியில் அடித்ததும் நிம்மதியாக இருந்தது. சுங்கத்துறை மேஜையில் ஒவ்வொரு பெட்டியிலும் சாக்பீஸால் குறி போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கரண்டி மூட்டைக்குக் குறி விழுந்தது. சுந்தரம் பைக்குக் குறி விழுந்தது. என் பையைத் திறந்ததும் அதிகாரியின் கை நின்றது. நடுவயசுக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“சமையல் சார்.”

“படிப்பு?”

“அஞ்சாங்கிளாஸ்.”

“யாருக்கு இந்த லேப்டாப்?”

“மாப்பிள்ளைக்கு” என்றது வாய். அதுவாகவே சொல்லிவிட்டது.

அவர் பில்லைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார். “பேரும் வேற. அப்போ இது உங்க சாமான் இல்ல. நீங்களே வெச்சுப் பொழங்கற பழைய சாமான்னா அது ஒரு கணக்கு. இன்னொருத்தருக்குக் கொண்டுவர்றது வேற கணக்கு. தீர்வை கட்டணும்.” ஒரு தாளில் எழுதிக் காட்டினார். என்னிடம் மீதி இருந்தது முப்பது வெள்ளியும் ஆட்டோவுக்கு நூறு ரூபாயும். “கட்டலேன்னா இங்கயே இருக்கட்டும். பணத்தோட வந்து எடுத்துக்கங்க. ஆனா உண்மையச் சொல்லுங்க. கூலிக்கு யாருக்காவது சாமான் தூக்கிட்டு வர்றீங்களா? இந்த மாதிரி வெள்ளந்தியான ஆளைத்தான் புடிக்கறாங்க.”

வெங்குட்டு அண்ணா முன்னால் வந்தார். “சார், இவன் இருபத்தாறு வருஷமா என்கிட்ட இருக்கான். உப்புக்கல்லக்கூட மடியில கட்டிண்டு போக மாட்டான். மாப்பிள்ளைக்குத்தான் சார், நிஜம்.” அண்ணா சொன்ன நல்ல வார்த்தையே என்னை இன்னும் அழுத்தியது. பின்னால் எங்கள் ஆட்கள் நாலு பேர். அதற்குப் பின்னால் வண்டி தள்ளிக்கொண்டு ஒரு விமானத்துக் கூட்டமே நின்றது.

ஒளிந்துகொள்ள அங்கே அண்டா இல்லை.

“சார், மாப்பிள்ளைக்கு இல்ல. எனக்குத்தான். நான் கார் ஓட்டி விளையாடறதுக்கு.”

பின்னாலிருந்து சுந்தரம், “ஓய்” என்றான்.

அதிகாரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். “விளையாடறதுக்கா? நீங்களா? சரி, போடுங்க பாப்போம்.”

மேஜைமேல் லேப்டாப்பைத் திறந்தேன். மின்சாரத்தில் செருகலாம் என்றால் சிங்கப்பூர் பிளக்கின் சதுரக் கால்கள் நம் ஊர் ஓட்டையில் நுழையவில்லை. பேட்டரிதான். கால் மணி நேரம்தான். மிஷின் எழுந்து சிடியைப் படிக்கவே பாதி நேரம் போய்விட்டது. கடைசி இடத்திலிருந்து என் சிவப்புக் கார் கிளம்பியது.

முதல் சுற்றில் விரல் எல்லாம் வியர்வை. முட்டினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். இரண்டாம் சுற்றில் கூட்டம் மறந்துபோய்விட்டது. நீலக் காரைத் தாண்டினேன், மஞ்சளைத் தாண்டினேன். பாறைக்குப் பக்கத்தில் ஒரு குறுகல் வளைவு வரும். அங்கே பிரேக் போட்டால் பின்னால் வருகிறவன் முந்திப் போய்விடுவான். நான் பிரேக்கைத் தொடுவதில்லை. கொதிக்கும்முன்னே அடுப்பைத் தணிக்கிற மாதிரி, வளைவுக்கு முன்னாலேயே விரலை எடுத்துவிடுவேன். கார் தானாக உள்ளே வழுக்கிக்கொண்டு போகும். போயிற்று. “அடேங்கப்பா” என்று ஒரு குரல். அதிகாரியின் குரல்தான். மூன்றாம் சுற்றில் எனக்கு முன்னால் ஒரே ஒரு பச்சைக் கார். ஓரத்தில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. பச்சையின் பக்கவாட்டில் சேர்ந்தேன். பந்தயம் முடியும் கோடு கண்ணுக்குத் தெரிந்தது.

திரை அணைந்துவிட்டது. பேட்டரி தீர்ந்தது.

“சே, ஜெயிச்சிருப்பீங்களே” என்றார் அதிகாரி. பிறகு அவரே சுதாரித்துக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். “கூலிக்குச் சாமான் தூக்கறவன் கை இல்ல இது. ஆனா பில்லுல பேரு வேற இருக்கே. யாரோடதுன்னு உங்க கையால எழுதிக் குடுங்க.”

நின்றுகொண்டே எழுதினேன். ‘இது என்னுடையது. மாப்பிள்ளைக்கு என்று சொன்னது பொய். நான் விளையாடுவதற்காக வாங்கினேன்.’ கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு தடவை படித்தார். “எழுத்து மோசம். விஷயம் புரியுது.” பழையது, சொந்த உபயோகம் என்று குறித்துக்கொண்டார். கட்ட வேண்டியது ஒன்றும் வரவில்லை. பைமேல் சாக்பீஸால் குறி போட்டுவிட்டு, மெதுவான குரலில் கேட்டார்: “அந்தப் பாறை வளைவுல என் பையன் தினமும் முட்டிக்கறான். முன்னாடியே விரல எடுத்துடணுமா?”

“ஆமா சார். எடுத்துட்டு ஒண்ணு ரெண்டு எண்ணணும்.”

வேனில் ஏறினோம். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். சைதாப்பேட்டைப் பாலம் தாண்டியதும் வெங்குட்டு அண்ணா தொண்டையைச் செருமினார்.

“பஞ்சு.”

“அண்ணா.”

“அதுல ரெண்டு பேர் ஆடலாமோ?”

வீட்டில் கமலா மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் இட்டாள். பையைத் துணியால் துடைத்தவள் சாக்பீஸ் குறியை மட்டும் துடைக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “எல்லார் எதிர்லயும் சொன்னேளா? நீங்களா?” என்று மூன்று தடவை கேட்டாள். இப்போது லேப்டாப், ரிச்சி தெருவில் மாற்றிய நம் ஊர்ப் பிளக்கோடு, இரும்புப் பெட்டிமேல் இருக்கிறது. முன்னால் பலகை போட்டு நான் உட்கார்ந்துகொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணா வருகிறார். அவர் கார் இன்னும் கடலில்தான் விழுகிறது.

ஒரு பாக்கி மட்டும் இருந்தது. நான் கிளம்புவதற்கு முன்னாலேயே மாப்பிள்ளைக்கு லேப்டாப் என்ற சேதி மாம்பலத்திலிருந்து திருச்சிக்குப் போய்விட்டது. பொங்கலுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை கையில் புதிதாக ஒரு தோள்பை, காலியாக. அளவு பார்த்தால் லேப்டாப் சரியாக நுழையும். அவரும் சங்கோஜி. காபி குடித்துவிட்டு இரும்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பெண் தரையைப் பார்த்தாள். கமலா வாசல் குழாயடியில் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள்.

கேட்டால் கொடுத்துவிடுவேன். மாப்பிள்ளைக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பில்லும் அவர் பேரில்தான் இருக்கிறது. ஆனால் சுங்கத்தில் எழுதிக் கொடுத்த தாளும் ஞாபகம் வந்தது.

“மாப்பிள்ளை, உங்களுக்குன்னு எல்லாரும் சொல்லியிருப்பா. அது நான் சொன்ன பொய். இது என்னோடது” என்றேன். “உக்காருங்கோ, ஒரு ஆட்டம் போடலாம்.”

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “நல்லவேளை மாமா. இத எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னுதான் ரயில்ல பூரா யோசிச்சிண்டே வந்தேன். பை இவ அம்மா குடுக்கற வடாத்துக்கு.”

மூன்று சுற்று ஆடினோம். கெட்டிக்காரர், சீக்கிரம் கற்றுக்கொண்டார். கடைசிச் சுற்றில் அவர் கார் எனக்கு ஒரு முழம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. கமலா வாசற்படியில் நின்று, விட்டுக்கொடுங்கள் என்று கண்ணைக் காட்டினாள். பாறை வளைவு வந்தது. அவர் பிரேக் போட்டார். நான் விரலை எடுத்து, ஒன்று, இரண்டு எண்ணி, அவரைத் தாண்டி உள்பக்கமாகப் போனேன். இந்தத் தடவை திரை அணையவில்லை.

பஞ்சாபகேசன்
மேற்கு மாம்பலம்
24-1-1999, ஞாயிற்றுக்கிழமை, வெங்குட்டு அண்ணா ஆட வருவதற்கு முன் எழுதி முடித்தது